இரண்டு மாத்திரைகளுக்கு நடுவே நான்கு மணி நேரம்

பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் பெண்ணைப் பார்த்தால், "உன் கல்யாணத்துல மழை கொட்டப் போகுது" என்று வீட்டுப் பெரியவர்கள் கேலி செய்வார்கள். சிலர் சாம்பலை, சிலர் சிலேட்டுக் குச்சியை, சிலர் ஐஸ்கட்டியைத் தேடித் தேடித் தின்பார்கள். மருத்துவர்கள் இதைக் கேலியாக எடுத்துக்கொள்வதில்லை. இப்படி அடக்க முடியாமல் எழும் ஆசை, உடலில் இரும்புச்சத்து வற்றியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

அந்தப் பெண்ணுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். துணி துவைக்க உட்கார்ந்தால் பாதியில் கை ஓய்ந்துவிடும். தலைமுடி கொத்தாக உதிரும். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் அது ரத்தசோகை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் சுமார் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிக்கும் மேல். வீட்டுக்கு வீடு இருப்பதாலேயே, அசதி என்பது பெண்ணுக்கு இயல்பானது என்ற நினைப்பு ஊறிப்போய்விட்டது. அது இயல்பல்ல.

இந்த அசதிக்குப் பின்னால் இன்னொரு காரணமும் ஒளிந்திருக்கலாம். சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2013இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்பு குறைவாக இருப்பதாகக் கண்டது. இதிலும் பெண்களே அதிகம். தைராய்டு குறைவின் அறிகுறிகள்: தூங்கி எழுந்தாலும் களைப்பு, எடை கூடுதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, மறதி. ரத்தசோகையின் அறிகுறிகளோடு பல இடங்களில் கலந்துவிடுவதால், ஒன்றைக் கண்டுபிடித்த கையோடு மற்றதைத் தேடாமல் விட்டுவிடுவது எளிது.

தேடியாக வேண்டும். ஏனென்றால் இவை இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும்.

தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனைத் தயாரிக்க அயோடின் வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். அந்த அயோடினைக் கோத்துக் கொடுக்கும் நொதி வேலை செய்ய இரும்பு வேண்டும் என்பது அவ்வளவாகத் தெரியாது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில், முன்கழுத்துக் கழலையோடு ரத்தசோகையும் இருந்த குழந்தைகளை ஆராய்ந்தார்கள். அயோடின் மட்டும் கொடுத்தபோது கழலை சரியாகச் சுருங்கவில்லை. இரும்புச்சத்தும் சேர்ந்தபோது நன்றாகச் சுருங்கியது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு இது. மறுபக்கம், தைராய்டு குறைந்தால் மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமாகலாம். மாதாமாதம் இரும்பு வெளியேறும். தைராய்டு நோயாளிகள் சிலருக்கு வயிற்றில் அமிலச் சுரப்பும் குறைந்திருக்கும். சாப்பாட்டில் உள்ள இரும்பு உடலில் சரியாகச் சேராது. இரும்பு குறைய ஹார்மோன் குறைகிறது, ஹார்மோன் குறைய இரும்பு இன்னும் குறைகிறது.

சிக்கல் சிகிச்சையிலும் தொடர்கிறது. தைராய்டு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் ஒன்றாக எழுதித் தரப்படும்போது, மறந்துவிடக் கூடாதே என்று இரண்டையும் காலையில் ஒரே மடக்கில் விழுங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பின்னாலேயே ஒரு டம்ளர் காபி. குடலுக்குள் இரும்பு, தைராய்டு மாத்திரையில் உள்ள தைராக்ஸினைப் பிடித்துக்கொள்கிறது. மருந்தின் ஒரு பகுதி ரத்தத்தில் சேராமல் மலத்தோடு போய்விடுகிறது. காபியும் தைராக்ஸின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், இரும்பையும் தடுக்கும். அடுத்த முறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது, தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். அளவு இறங்கியிருக்காது. மருந்தின் அளவு கூட்டப்படும். அசதி மட்டும் அப்படியே இருக்கும்.

இதற்குச் செலவில்லாத வழி உண்டு. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் போட்டுக்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி, சிற்றுண்டி. இரும்பு மாத்திரை அதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் தள்ளி. கால்சியம் மாத்திரைக்கும் வாயுத்தொல்லைக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்துக்கும் இதே இடைவெளி. சூரியன் உதிக்கும் முன் சமையலில் இறங்கி, எட்டு மணி பேருந்தைப் பிடிக்கும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு லேசானதல்ல. மாத்திரையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கண் விழித்ததும் போட்டுக்கொள்வது, இரும்பை மத்தியானத்துக்கோ இரவுக்கோ மாற்றுவது என்று அவரவர் நாளுக்கு ஏற்ப மருத்துவரிடம் கேட்டு வகுத்துக்கொள்ளலாம்.

தைராக்ஸின் அவசரப்படாத மருந்து. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும்; அதனால்தான் அளவை மாற்றிய பிறகு ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபரிசோதனை. அதற்குள் "குணமே தெரியல" என்று நிறுத்திவிடுவது பெரும் நஷ்டம். விடாமல் எடுத்துக்கொண்டால் கிடைக்கும் பலனுக்கு ஒரு பழைய சான்று உண்டு. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் முர்ரே என்ற மருத்துவர், தைராய்டு முற்றிலும் ஓய்ந்துபோன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகச் செலுத்தினார். பிறகு அந்தச் சாற்றை வாய்வழியாகவே எடுத்துக்கொண்ட அந்தப் பெண், 74 வயது வரை வாழ்ந்தார். அந்த 28 ஆண்டுகளில் 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. இன்று அதே பலனைத் தருவது மருந்துக்கடையில் கிடைக்கும் ஒரு சின்ன மாத்திரை.

இரும்பு மாத்திரையின் கதை வேறு. அதைத் தொடர்ந்து சாப்பிடவிடாமல் செய்வது குமட்டலும் வயிற்றுப் பிடிப்பும். மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அந்தக் கறுப்பு இரும்பால் வருவது, பயம் வேண்டாம். ஒரு நாள் இரும்பு சாப்பிட்டால், மறுநாள் அதை உள்ளே விடாமல் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உடலில் கூடுகிறது என்பதைச் சூரிச் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிக இரும்பு சேர்ந்தது. தினமும் ஒத்துக்கொள்ளாதவர்கள் தாங்களாக நிறுத்துவதைவிட, இந்த முறை தங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடலின் கையிருப்பு நிரம்பும்.

பீட்ரூட் ஜூஸை நம்பி மாதங்களைக் கழிப்பவர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அதன் சிவப்புக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை, அதில் இரும்பும் சொற்பம். கிராமத்துப் பாட்டிகள் சொல்லும் சுவரொட்டியில், அதாவது ஆட்டு மண்ணீரலில், உண்மையாகவே இரும்பு நிறைய இருக்கிறது. உடல் எளிதில் ஏற்கும் வகையும்கூட. சைவ உணவுக்காரர்கள் கீரையோடும் பயறோடும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கொள்ளலாம். சாப்பிட்ட உடனே டீ வேண்டாம். என்றாலும், ரத்தம் நன்றாகக் குறைந்துவிட்ட பிறகு சாப்பாடு மட்டுமே அதை ஏற்றிவிடாது.

ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் அசதி விடாதவர்கள் ஃபெரிட்டின் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். அது உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும். ரத்தசோகை இல்லாமலேயே கையிருப்பு மட்டும் குறைந்த பெண்களுக்கு இரும்பு கொடுத்தபோது களைப்பு குறைந்ததாக 2012இல் ஓர் ஆய்வு வந்தது. வைட்டமின் பி12 குறைவும் இதே அசதியைத் தரும். பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவின் மரபணு உள்ளவர்களுக்கும், இரும்புக் குறைவில் போலவே, ரத்த அணுக்கள் சிறுத்திருக்கும். இரும்புக் குறைவும் சேர்ந்து இல்லாவிட்டால் அவர்களுக்கு இரும்பு மாத்திரையால் பயனில்லை. எனவே யாரோ சாப்பிட்டார்கள் என்று தானும் வாங்கிச் சாப்பிடுவது தவறு.

மருந்து வேலை செய்து உடல் தேறும் வரையிலான இரண்டு மூன்று மாதங்களை எப்படிக் கடப்பது? இங்கே மருத்துவரைவிட வீட்டாரின் பங்கு பெரிது. "எப்பப் பாரு படுத்தே கெடக்கா" என்ற சொல் நோயைவிடக் கூடுதலாக வலிக்கும். தண்ணீர்க் குடம் தூக்குவது, மாவாட்டுவது, மாடியில் துணி உலர்த்துவது ஆகியவற்றை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். நோயாளியும் தெம்பு இருக்கும் ஒரு நாளில் வாரத்து வேலை முழுவதையும் முடிக்கப் பார்த்தால், அடுத்த இரண்டு நாள் எழ முடியாது. வேலையைப் பிரித்துச் செய்து, நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து, உடல் தேறத் தேற மெதுவாக நடையைக் கூட்டலாம். நெஞ்சுவலியோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறலோ, மயக்கமோ வந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண்கள், கர்ப்பம் தெரிந்த உடனேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முதல் சில வாரங்களிலேயே மருந்தின் தேவை கூடிவிடும். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ, ஆணுக்கோ இரும்புக் குறைவால் ரத்தசோகை வந்தால், மாத்திரையோடு விட்டுவிடாமல் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சில நேரம் குடல் புற்றுநோயின் முதல் அறிகுறியே அந்த அசதியாக இருக்கும்.