ஏற்றத்தில் மட்டும் வரும் மிஸ்ஸிங்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் சுமார் 40 கிலோமீட்டர். சமவெளி முடிந்து சாலை மலையில் ஏறியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். காரில் ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், இரண்டாம் கியர். வளைவைத் திருப்பி ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் இடத்தில் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரியும். இரண்டு வளைவு தாண்டினால் எதுவுமே நடக்காதது போல ஓடும். கீழே இறங்கிப் பட்டறையில் விட்டால் ஐடிலிங்கில் ஒரு குறை சொல்ல முடியாது. “நல்லாத்தானே சார் இருக்கு” என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு சிலிண்டர் நிரந்தரமாகச் செத்துப்போயிருந்தால் அதைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையே இல்லை. வந்து வந்து போகும் மிஸ்ஸிங்தான் ஆளைப் படுத்தும். மலையில் இருக்கும், பட்டறையில் இருக்காது. சுற்றுலா வந்தவருக்கு இது எரிச்சலோடு போய்விடும். மலைக் கிராமத்திலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு கிளம்பும் வாடகைக் காருக்கு அப்படி இல்லை. ஏற்றத்தில் இழுவை போனால் போனதுதான். பல வளைவுகளில் கைபேசியில் சிக்னலும் கிடைக்காது.

ஏற்றத்தில் மட்டும் ஏன் வருகிறது? சமதளத்தில் மெதுவாகப் போகும்போது சிலிண்டருக்குள் புகும் காற்று குறைவு. ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் சிலிண்டர் நிறையக் காற்றும் பெட்ரோலும் புகுந்து உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் பிளக்கின் இரண்டு முனைகளுக்கு இடையே பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும். காயில், பிளக், கேபிள் மூன்றும் நன்றாக இருந்தால் பல ஆயிரம் வோல்ட் தடையில்லாமல் போய்ச் சேரும். பீங்கானில் மயிரிழைக் கீறல் இருந்தாலோ, கேபிளின் ரப்பர் வெடித்திருந்தாலோ மின்சாரம் சுலபமான வழியைப் பார்த்து இன்ஜின் பாடியில் இறங்கிவிடும். பிளக்கில் பொறி விழாது. ஐடிலிங்கில் அவ்வளவு வோல்ட் தேவையே இல்லாததால் அதே கீறல் அங்கே தன்னைக் காட்டிக்கொள்ளாது. ஆக, இந்தப் பழுதைச் சோதிக்கச் சரியான இடம் மலைச் சாலைதான். பட்டறையின் சிமென்ட் தரையில் அது வெளியே வராது.

அன்றைய ஆட்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்திருந்தது. அம்பாசடரும் ஃபியட்டும் பெட்ரோல் ஜீப்பும் ஓடிய காலத்தில், அமெரிக்கர் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் காடிலாக் காருக்காக அமைத்த பேட்டரி இக்னிஷன் முறையைத்தான் நம் வண்டிகளும் நம்பியிருந்தன. டிஸ்ட்ரிபியூட்டர், அதற்குள் பாயிண்ட், பக்கத்தில் கன்டென்சர், மேலே ரோட்டார், மூடி. சென்னைப் பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் இந்தச் சாமான்களைச் செய்தது. பிளக் என்றால் பெங்களூர் மைக்கோ.

மெக்கானிக் முதலில் செய்த காரியம், டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. “போங்கண்ணே, எங்க திணறுதுன்னு பாப்போம்” என்று மலைக்கே கூட வந்துவிடுவார். திணறிய இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, பின் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்து, பானெட்டைத் தூக்குவார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரப்பர் மூடியைப் பிடித்து பிளக் கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். பிடுங்கியதும் இன்ஜின் சத்தம் தளர்ந்தால் அந்த சிலிண்டர் உழைக்கிறது என்று பொருள். பிடுங்கியும் சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால் அதுதான் உழைக்காத சிலிண்டர். கையில் ஷாக் அடிக்கும். அதையும் ஒரு தகவலாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த பிளக்கைக் கழற்றினால் அதன் முகமே பாதி கதையைச் சொல்லிவிடும். காப்பிப்பொடி நிறம் என்றால் எல்லாம் சரி. உலர்ந்த கரி பூசியிருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் தேய்மானம். உப்புத்தாளால் முனைகளைத் தேய்த்து, ஆக்ஸா பிளேடை இடையில் நுழைத்து இடைவெளி வைப்பார்கள். பார்க்க ஏனோதானோ வேலை மாதிரி இருக்கும். ஆனால் பிளேடின் கனம் ஏறக்குறைய 25 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு. அம்பாசடர் பிளக்குக்கு வேண்டிய இடைவெளியும் அதுவேதான். பாயிண்ட் கேப் 15 தவ். இந்த எண்களை ஏட்டில் படிக்காதவர்கள்கூட விரல் நுனியில் வைத்திருந்தார்கள்.

பனிக்காலத்து விடியற்காலையில் வேறு சிக்கல். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்பக்கம் ஈரம் கோத்துக்கொண்டு கரண்ட் கண்ட இடத்தில் கசியும். துணியால் துடைத்து வெயிலில் காட்டினால் வண்டி கிளம்பிவிடும். கசிவு எங்கே என்று தெரியாவிட்டால் இரவு வரை காத்திருப்பார்கள். கும்மிருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால், வெடித்த கேபிளிலிருந்து இன்ஜின் மேல் நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். அதற்கு வேண்டிய இருட்டு இந்த மலையில் தாராளமாக உண்டு. இருட்டுக்காகத்தானே காவலூரில் வானாய்வகம் வைத்து, 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை 1986இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்!

அந்த வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏழெட்டு சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அதை அறிந்து பெட்ரோலைக் குறைக்கத் தெரியாது. பிளக் கொஞ்சம் கரி பிடிக்கும், அவ்வளவுதான்; ஊட்டிக்கு ஏறும் வண்டியைப் படுத்திய அளவுக்கு இந்த மலை படுத்தவில்லை. வெயில் கால ஏற்றத்தில் பம்ப் சூடேறி பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி நிற்பதுதான் அடிக்கடி நடந்தது. அதற்கு மருந்து, பம்ப் மேல் ஈரத் துணி. டீசல் வண்டியில் பிளக் இல்லை. இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள், தத்துவம் ஒன்றுதான்.

இன்றைய காரில் பாயிண்டும் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் ஒவ்வொரு பிளக் தலையிலும் தனிக் காயில் உட்கார்ந்திருக்கிறது. பிஎஸ்-4 புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு, பழுதை வண்டியே கண்டறியும் ஓபிடி ஏற்பாட்டின் முதல் படி 2010இலும், இரண்டாம் படி 2013இலும் வந்தன. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பிஎஸ்-6. இதனால் வண்டி தன் மிஸ்ஸிங்கைத் தானே எண்ணுகிறது. கிராங்க் ஷாஃப்ட்டோடு சுற்றும் பல்சக்கரத்தின் பற்களை ஒரு சென்சார் கவனிக்கிறது. ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் கிராங்க் நொடியின் சிறு துளி நேரம் வேகம் கூடும். எரியாவிட்டால் அந்தத் துளியில் தளரும். முன்பு காது கேட்ட அதே தளர்ச்சிதான். இதைக் கணினி ஒவ்வொரு சுற்றிலும் அளக்கிறது, எந்த சிலிண்டர் என்றும் குறித்து வைக்கிறது. பி0302 என்ற கோட் வந்தால் இரண்டாவது சிலிண்டர். பி0300 என்றால் ஒன்று என்றில்லை, பல சிலிண்டர்களில் மாறி மாறி. அப்போது காயிலைவிட பெட்ரோலையும், பம்ப்பையும், காற்றுக் கசிவையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய வரம், ஃப்ரீஸ் ஃபிரேம் என்கிற பதிவு. மிஸ்ஸிங் வந்த நொடியில் இன்ஜின் வேகம் எவ்வளவு, சுமை எவ்வளவு, தண்ணீர்ச் சூடு எவ்வளவு, வண்டி எந்த வேகத்தில் போனது என்று எல்லாம் அதில் இருக்கும். மெக்கானிக் மலைக்கு வராமலே மலையில் நடந்ததைப் பார்த்துவிடலாம். மெக்கானிக் கூட வருவதென்பது எல்லோருக்கும், எல்லா நாளும் வாய்க்காது. அதை நினைத்தால் இது எத்தனை பெரிய உதவி!

அந்த உதவியைத்தான் நாம் முதலில் அழித்துவிடுகிறோம். ஸ்கேனரைச் செருகியதும் கோடை அழித்து, விளக்கு அணைந்ததைக் காட்டி, வண்டியை அனுப்பிவிடும் பழக்கம் எத்தனையோ பட்டறைகளில் இருக்கிறது. பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு போய்விடும் என்று சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கோடோடு சேர்ந்து அந்த நொடியின் பதிவும் போய்விடும். மிஞ்சுவது மலையில் திரும்ப வரப்போகும் மிஸ்ஸிங் மட்டும். இதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. பொறுத்திருந்தாலே பழுது நீங்கிய வண்டியில் விளக்கு தொடர்ந்து மூன்று நல்ல ஓட்டங்களில் தானாக அணையும்; அணைந்த பிறகும் கோட் பல ஓட்டங்களுக்கு நினைவில் இருக்கும். ஆகவே விளக்கு அணைந்த பிறகுதான் பட்டறைக்குப் போகிறோம் என்றாலும் கோடைப் படித்துப் பார்க்கச் சொல்லலாம்.

விளக்கு நிலையாக எரிவதும் விட்டு விட்டு மின்னுவதும் வேறு வேறு. மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கமுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கும் நிலை. உச்சி இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று மிதித்துக்கொண்டே போகக் கூடாது. மிதியைத் தளர்த்தி, வாய்ப்பான இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

காதின் வேலை முடிந்துவிட்டதா என்றால், இந்த மலையில் முடியவில்லை. குண்டும் குழியுமான சாலையில் சக்கரம் வாங்கும் குலுக்கல் கியர்பாக்ஸ் வழியாக கிராங்க் வரை ஏறும். சென்சாருக்கு அதுவும் மிஸ்ஸிங் மாதிரியே தெரியும். அதனால் சாலை மோசம் என்று தெரிந்தால் மிஸ்ஸிங் எண்ணுவதையே தற்காலிகமாக நிறுத்திவைக்கும்படி பல வண்டிகளை அமைத்திருக்கிறார்கள். மெயின் ரோட்டை விட்டுச் சிற்றூர்ப் பாதையில் திரும்பியதும் கணினி கண்ணை மூடிக்கொள்ள வாய்ப்புண்டு. அங்கே வண்டி வெட்டினால் அதற்குச் சாட்சி ஓட்டுகிறவர்தான். எந்த கியர், எத்தனை பேர், இன்ஜின் சூடாக இருந்ததா, டேங்கில் பெட்ரோல் எவ்வளவு என்பதைக் குறித்துக்கொண்டு போனால் மெக்கானிக்குக்கு அது இன்னொரு ஃப்ரீஸ் ஃபிரேம். டேங்க் அடிமட்டத்தில் இருக்கும்போது செங்குத்து ஏற்றத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுப்பதும் உண்டு. அதற்குக் காயில் மாற்றிப் பயனில்லை.

கோட் சிலிண்டரைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. பி0302 என்று கண்டதுமே புதுக் காயில் வாங்க வேண்டியதில்லை. இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இரண்டாவதில் மாட்டிவிட்டு, ஸ்கேனரைச் செருகியபடி மெக்கானிக்கை முன் சீட்டில் உட்காரவைத்து, அதே ஆட்களோடு, அதே கியரில் மறுபடி மலை ஏற வேண்டும். வெட்டிய வளைவில் பி0303 என்று வந்தால் குற்றவாளி அந்தக் காயில். திரும்பவும் பி0302 என்றே வந்தால் அடுத்து பிளக்கை இடம் மாற்றிப் பார்க்கலாம், அதன் பிறகு இன்ஜெக்டர், அதுவும் இல்லையென்றால் கம்ப்ரஷன்.