படக்கதை நாய் செத்தது! கடிதங்கள் குவிந்தன!!

நாய் ஒன்று செத்துப் போனது.

அது தெருவில் திரிந்த நாய் அல்ல. வீட்டில் வளர்ந்த நாயும் அல்ல. பேப்பரில் மையால் வரைந்த நாய்!

அந்த நாய்க்காக ஆயிரக்கணக்கான பேர் கடிதம் எழுதினார்கள். அழுதவர்கள் உண்டு. திட்டியவர்களும் உண்டு.

இந்தக் கூத்து நடந்தது கனடாவிலும் அமெரிக்காவிலும். 1995-ம் ஆண்டு ஏப்ரல் மாதம்.

பேப்பரைப் பிரித்ததும் தலைப்புச் செய்தியைத் தள்ளிவிட்டு, நேராகப் படக்கதைக்குப் போகிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. (நீங்களும் அந்த ஜாதிதானே? சும்மா சொல்லுங்க, யாரும் கேட்கலை.) அப்படிப்பட்டவர்களைத்தான் இந்த நாய் அழ வைத்தது.

யார் அந்த நாய்?

நாயின் பெயர் ஃபார்லி. கண்ணை மறைக்கிற அளவு சடை முடி. "ஓல்டு இங்கிலீஷ் ஷீப் டாக்" என்கிற ஜாதி. ஆட்டு மந்தைக்குக் காவல் போகிற பரம்பரை. ஆனால் இது காத்தது ஆட்டை அல்ல, ஒரு குடும்பத்தை.

ஃபார்லியை வரைந்தவர் ஒரு பெண். கனடாவைச் சேர்ந்த லின் ஜான்ஸ்டன்.

இவருடைய படக்கதை 1979-ம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது. பெயர் "ஃபார் பெட்டர் ஆர் ஃபார் வொர்ஸ்". சர்ச்சில் கல்யாணம் நடக்கும்போது மாப்பிள்ளையும் பெண்ணும் சொல்கிற உறுதிமொழியில் வரும் வார்த்தைகள் அவை. நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் சேர்ந்திருப்போம் என்று அர்த்தம்.

கதையில் மந்திரம் கிடையாது. சண்டைக் காட்சி கிடையாது. அப்பா பல் டாக்டர். அம்மா, ஒரு பையன், ஒரு பெண். பிறகு 1991-ல் ஏப்ரல் என்று ஒரு கடைக்குட்டி. சமையல்கட்டுச் சண்டை, பரீட்சை, பால் பல் விழுவது, இதுதான் கதை. (லின் ஜான்ஸ்டனின் அப்போதைய கணவரும் பல் டாக்டர்தான்! வீட்டில் நடந்ததைத்தான் வரைகிறார் என்று வாசகர்கள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.)

சுமார் 2 ஆயிரம் பத்திரிகைகளில் இந்தக் கதை வந்தது. அமெரிக்கப் படக்கதைக்காரர்களின் பெரிய பரிசான "ரூபன்" விருதை 1985-ம் ஆண்டுக்கு இவர் வாங்கினார். அதை வாங்கிய முதல் பெண் இவர்தான்.

வயசானது யாருக்கு?

இங்கேதான் சங்கதி இருக்கிறது.

பெரும்பாலான படக்கதைகளில் யாருக்கும் வயசாகாது. நம்ம கன்னித்தீவு சிந்துபாத்துக்கு என்றைக்காவது தலை நரைத்ததா? தாத்தா படித்த சிந்துபாத்தைத்தான் பேரனும் படித்தான்.

ஸ்னூப்பி என்று ஒரு நாய். சார்லஸ் ஷூல்ஸ் என்ற அமெரிக்கர் வரைந்தது. 1950 அக்டோபரில் நாலு காலில் நடக்கிற குட்டியாக வந்தது. அப்புறம் ரெண்டு காலில் எழுந்து நின்றது. தன் கூண்டின் கூரை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, சண்டை விமானம் ஓட்டுவதாகக் கனவு கண்டது. 2000 பிப்ரவரி வரைக்கும் அதே நாய்தான்!

நாய்க்கு ஒரு வருசம் என்றால் மனுசனுக்கு ஏழு வருசம் என்று பேச்சு வழக்கில் ஒரு கணக்கு சொல்வார்கள். அந்தக் கணக்குப்படி ஸ்னூப்பிக்கு வயது கிட்டத்தட்ட 350. முதியோர் பென்சன் கொடுத்தால் கஜானா காலி.

கார்ஃபீல்டு என்று ஒரு பூனை. 1978 ஜூன் 19-ல் பிறந்தது. வருசா வருசம் பிறந்தநாள் வருகிறது. வயசு மட்டும் தெரிவதில்லை. திங்கட்கிழமை என்றால் அதற்கு ஆகாது. (ஆபீஸ் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.)

லின் ஜான்ஸ்டன் இந்த வழக்கத்தை மீறினார். அவர் கதையில் நாட்காட்டி ஓடியது. சின்னப் பையன் மைக்கேல் மீசை முளைக்கிற வயசைத் தாண்டி காலேஜுக்குப் போனான். அம்மாவுக்கு முகத்தில் சுருக்கம் வந்தது.

பிள்ளைகள் வளர்ந்தால் நாயும் வளரணும் இல்லையா?

குட்டியாக வந்த ஃபார்லி 1995-ல் கிழட்டு நாய். அந்த ஜாதி நாய்க்கு ஆயுசு பத்து, பன்னிரண்டு வருசம்தான். ஃபார்லி அதையும் தாண்டிவிட்டது. இனி ஓட்டினால் பொய். நிறுத்தினால் சாவு.

லாரி ஏற்றுவேன்!

இந்த விசயத்தை லின் ஜான்ஸ்டன் ஷூல்ஸிடம் சொன்னார். ரெண்டு பேரும் நல்ல சிநேகிதர்கள்.

கேட்டதும் ஷூல்ஸ் குதித்தார். கூடவே கூடாது என்றார். மீறிச் செய்தால் ஸ்னூப்பி மேல் லாரியை மோதவிட்டு ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பேன், ஊரே ஸ்னூப்பிக்காகக் கவலைப்படும், உன் கதையை எவனும் படிக்க மாட்டான் என்று மிரட்டினார்!

ஒரு காகித நாய்க்காக இன்னொரு காகித நாயைப் பிணையாகப் பிடித்த மிரட்டல் இது ஒன்றுதான் இருக்கும்.

லின் ஜான்ஸ்டன் என்ன செய்தார் தெரியுமா? தன் முடிவை மாற்றவில்லை. ஆனால் அந்தக் கதை எப்போது வெளியாகும் என்பதை மட்டும் ஷூல்ஸிடம் மூச்சு விடவில்லை. இந்த மாதிரிக் கதைகளைப் பல வாரம் முன்னாலேயே வரைந்து அனுப்பிவிடுவார்கள். அதனால் ரகசியம் தப்பியது. ஸ்னூப்பியும் தப்பியது!

ஆற்றில் விழுந்த குழந்தை

கிழடு தட்டி மூலையில் படுத்துச் சாகட்டும் என்று ஃபார்லியை விட அவருக்கு மனசு வரவில்லை. வீரனாகப் போகட்டும் என்று தீர்மானித்தார்.

கதைப்படி கடைக்குட்டி ஏப்ரலுக்கு நாலு வயசு. மழையால் பெருகி ஓடுகிற ஆற்றுப் பக்கம் தனியாகப் போகிறாள். தண்ணீரில் விழுகிறாள்.

கிழட்டு ஃபார்லி குதிக்கிறது. குழந்தையை விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஃபார்லியின் மகன் எட்கரின் குரைப்பு பெரியவர்களுக்குக் கேட்கிறது. ஓடி வருகிறார்கள். குழந்தை பிழைத்தது.

குளிரும் களைப்பும் சேர்ந்து ஃபார்லியின் இதயம் நின்றது.

தினம் நாலு கட்டம், நாலு கட்டமாக இது வந்தது. குழந்தை என்ன ஆச்சு என்று அடுத்த நாள் வரை காத்திருக்கணும். குழந்தை தப்பியது தெரிந்து மூச்சு விட்டவர்களுக்கு, நாய் போன சேதி அதற்குப் பிறகுதான் வந்தது.

அவ்வளவுதான். தபால்காரருக்கு வேலை வந்துவிட்டது.

பல பேர் எழுதியது ஃபார்லியைப் பற்றியே அல்ல. தங்கள் வீட்டில் செத்துப் போன நாயைப் பற்றி! பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னால் நாய்க்காகவா அழுகிறாய் என்று சிரிப்பார். இந்த அம்மாவிடம் சொல்லலாம் என்று நினைத்திருப்பார்கள் போல.

கோபப்பட்டவர்களும் கணிசம். காலையில் காப்பியோடு ரெண்டு நிமிசம் சிரிக்கத்தானே காசு கொடுத்துப் பேப்பர் வாங்குகிறோம், அங்கேயும் சாவா என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. முதல் பக்கம் பூரா கொலையும் விபத்தும்தான். சிரிக்கிற இடம் ஒன்றே ஒன்று. அதையும் பறித்தால்?

ஆனாலும் எனக்கென்னவோ அந்த அம்மா செய்தது சரி என்றுதான் படுகிறது. சாகாத நாய்க்காக யாரும் நாலு பக்கம் கடிதம் எழுத மாட்டார்கள்.

பெயர் பிழைத்தது

நாய் செத்தாலும் பெயர் சாகவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாண மிருக டாக்டர்கள் சங்கம் பின்னால் ஒரு அறக்கட்டளை தொடங்கியது. அதற்கு ஃபார்லியின் பெயர்தான்! கையில் காசு இல்லாத ஏழைகளின் நாய், பூனைகளுக்கு வைத்தியச் செலவுக்கு அது உதவுகிறது. வரைந்த நாயின் பெயரால் நிஜ நாய்க்கு ஊசி மருந்து!

இன்னொரு வேடிக்கையும் உண்டு.

2008-ல் லின் ஜான்ஸ்டன் கதையை முடித்தார். முடித்த கையோடு மறுபடி முதலில் இருந்து தொடங்கிவிட்டார். பழைய படங்கள், நடுவில் கொஞ்ச நாள் சில புதுப் படங்களும் சேர்த்து. மைக்கேல் மறுபடி சின்னப் பையன். கடைக்குட்டி இன்னும் பிறக்கவே இல்லை.

ஒரு நாள் ஃபார்லியும் குட்டியாக வந்து சேர்ந்தது. வாலை ஆட்டியது.

புதிதாகப் படிக்கிறவர் சிரித்தார். பழைய வாசகர் மட்டும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார், ஆற்றுக்கு இன்னும் எத்தனை வருசம் என்று.