பழங்கணினியைப் புதுக்குமாறு

மேசைக்கணினி ஒன்றை வாங்கிப் பத்தாண்டுகள் கடந்துவிடின், அதனை உடையார் இருவேறு அறிவுரைகளைக் கேட்க நேரும். 'இஃது இனிப் பயன்படாது. பழைய பொருளாக விற்றுவிட்டுப் புதியதொன்று வாங்குக' என்பர் கடைக்காரர். 'ஓடும்வரை ஓடட்டும், இதற்கு இனி ஒரு காசும் செலவிடலாகாது' என்பர் வீட்டிலுள்ள பெரியோர். இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டு. சிறுபொருளை இடமறிந்து செலவிட்டால் அப்பழங்கணினியே இன்னும் சில்லாண்டு நன்கு உழைக்கும். இடமறியாது செலவிட்டாலோ, பொருளும் போய்க் கணினியும் முன்போலவே நிற்கும். அண்ணன் வாங்கிய கணினியிலேயே தம்பியும் தங்கையும் படித்தாகவேண்டிய நிலையில் நம்மில் அநேகர் இருத்தலின், அவ்விடம் யாதென ஆராய்வது வீண்வேலையன்று.

ஆராய்ச்சிக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். 2014-ஆம் ஆண்டளவில் வாங்கப்பெற்ற கணினி ஒன்று. இன்டெல் நிறுவனத்தாரின் நான்காந்தலைமுறை ஐ3 செயலி, எச்81 வகைத் தாய்ப்பலகை, 4 ஜிகாபைட் நினைவகம், 500 ஜிகாபைட் வன்தட்டு ஆகியவை அதன் உறுப்புக்கள். இயங்குதளம் விண்டோஸ் 10. மின்விசையைத் தட்டியபின் வேலை தொடங்க ஐந்து நிமிடம் ஆகின்றது. கையிலுள்ள பொருள் 5,000 ரூபாய்க்கு மேற்பட்டதன்று. (செயலி ஒன்றற்கே உரிய 'சி.பி.யு.' என்னும் பெயரால் பெட்டி முழுவதையும் வழங்குவது நம் நாட்டு வழக்கம். இதனைச் சினையாகுபெயர் எனக் கொண்டு அமைதி காணலாம்; ஆயினும் கடைக்குச் செல்வோர் தாம் கேட்பது சினையா முதலா என்பதைத் தெளிவாய்ச் சொல்லிவிடுதல் நன்று.)

முதலிற் செய்யத்தக்கது பொருள் வாங்குவதன்று, நோய் நாடுவது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பலகணி திறக்கும். செயலி, நினைவகம், வட்டு ஆகிய ஒவ்வொன்றும் நூற்றுக்கு எத்தனை பங்கு உழைக்கின்றது என்பது அதிற் காணப்படும். கணினி தாமதிக்கும் வேளையில் அதனை நோக்குக. செயலி பத்துப் பதினைந்து பங்கில் ஓய்ந்திருக்க, வட்டுமட்டும் நூறு பங்கில் நின்று தவிப்பதையே பெரும்பாலும் காண்போம். கணினி மந்தமாயிற்று என்று செயலியைப் பழிப்பது நம் வழக்கம். அதுவோ வேலை வராமையாற் கைகட்டி நிற்கின்றது.

வட்டு ஏன் தவிக்கின்றது? வன்தட்டு என்பது காந்தப்பூச்சுடைய சுழல்தகடு. இசைத்தட்டின்மேல் ஊசி செல்வதுபோல அதன்மேல் ஒரு சிறுகை இங்குமங்கும் நகர்ந்து செய்தியைப் படிக்கின்றது. மேசைக்கணினியிலுள்ள தகடு பெரும்பாலும் நிமிடத்திற்கு 7,200 முறை, அஃதாவது நொடிக்கு 120 முறை சுழலும். வேண்டிய இடம் கையின்கீழ் வந்துசேரச் சராசரியாக அரைச்சுற்றுக் காத்திருக்கவேண்டும். அது நொடியில் ஆயிரத்தில் 4 பங்கு. கை நகர்வதற்கு மேலும் 9 பங்கு ஆகும். ஆகவே சிறுசெய்தி ஒன்றை எடுக்க 13 பங்கு கழிகின்றது. மிகச் சிறிது காலமே எனத் தோன்றும். ஆனால் கணினி விழித்தெழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புக்களை அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் படிக்கவேண்டியிருக்கின்றது. பதினாயிரம் முறை படிக்கவேண்டுமாயின் 130 நொடி. இரண்டு நிமிடத்திற்கு மேல்! இனி, சுழலும் உறுப்பு யாதுமின்றி மின்னணுச் சில்லுக்களிலேயே செய்தியைத் தாங்கும் எஸ்.எஸ்.டி. என்னும் திண்மநிலை வட்டோ, ஒருமுறை படிக்க ஆயிரத்தில் ஒரு பங்கின் பத்திலொரு கூறே கொள்ளும். அதே பதினாயிரம் முறையும் ஒரு நொடியில் முடிந்துவிடும். உண்மையில் மற்ற வேலைகளும் உடன்சேர்தலின் வேறுபாடு இத்துணைப் பெரிதாய்த் தோன்றாது. எனினும் நிமிடங்கள் நொடிகளாய்ச் சுருங்குவது திண்ணம்.

ஈண்டு ஒரு வரலாற்றுச் செய்தி நினைக்கத்தக்கது. உலகின் முதல் வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனத்தார் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் அதில் இருந்தன. அவை தாங்கியது ஐம்பது இலட்சம் எழுத்துக்கள் மட்டுமே. அத்தகடுகள் நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. நம் கணினியிலுள்ள சிறு வன்தட்டு அதனைப்போல் ஓர் இலட்சம் மடங்கு செய்தியைத் தாங்குகின்றது. சுழற்சியோ ஆறு மடங்கே மிகுந்தது. கொள்ளளவு பருத்த அளவிற்கு வேகம் வளரவில்லை. மற்றை உறுப்புக்கள் எல்லாம் விரைந்து முன்னேற, இஃது ஒன்றே பின்தங்கிற்று. எனவே கையிலுள்ள முதற்பணத்தை இங்கே செலவிடுதலே அறிவுடைமை.

வாங்கும்போது கருதத்தக்கன சில. நம் எடுத்துக்காட்டுக் கணினிக்கு ஏற்றது 'சாட்டா' இணைப்புடைய இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி. இவ்விணைப்பு முறை 2003-ஆம் ஆண்டில் தோன்றியது. பழைய பலகையும் புதிய வட்டும் ஒன்றையொன்று ஏற்குமாறு அமைக்கப்பட்டது. இதனினும் பன்மடங்கு விரைவுடைய 'என்.வி.எம்.இ.' என்னும் வகையைக் கடைக்காரர் காட்டக்கூடும். அத்தகைய பழைய பலகைகளிற் பெரும்பாலானவற்றில் அதற்கு உரிய பொருத்துவாய் இராது. தனி அட்டையின் துணையால் பொருத்தினும் அதிலிருந்து கணினி விழித்தெழுதல் அரிது. கட்டுரை எழுதுதல், நூல் படித்தல் முதலிய வேலைகளில் இரண்டற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு எளிதிற் புலனாவதுமில்லை. அளவு 240 ஜிகாபைட் போதும். பழைய வன்தட்டை நீக்காமல் இரண்டாம் வட்டாக வைத்து, நிழற்படங்களையும் விரிவுரைப் பதிவுகளையும் அதில் இடலாம். நம்பவொண்ணா மலிவு விலைக்குப் பேரளவு வட்டு எனக் கூவி விற்கப்படுவதை வாங்கற்க. அளவைப் பொய்யாய்க் காட்டுமாறு எழுதப்பட்ட போலிகள் உலவுகின்றன. கொள்ளளவு தீர்ந்தபின் இடும் கோப்பு ஒன்றும் நில்லாது.

இம்மாற்றத்தைத் தொடங்குமுன் கோப்புக்களுக்கு வேறோரிடத்தில் படி எடுத்துவைத்தல் இன்றியமையாதது. பத்தாண்டு சுழன்ற தகடு எந்நாளும் நின்றுபோகலாம். தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாடு வன்தட்டினுள் உண்டு. 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போன்ற இலவச மென்பொருள் அக்குறிப்பைப் படித்துக் காட்டும். கெட்டுப்போய் மாற்றிடம் பெற்ற பகுதிகளின் எண்ணிக்கை அதில் ஏறிக்கொண்டே போயின், அவ்வட்டை இரண்டாம் வட்டாகவும் நம்பலாகாது. கணினியை இழந்தால் மற்றொன்று வாங்கலாம். மறைந்த பாட்டியாரின் குரற்பதிவு அதனோடு போயிற்றாயின் எக்கடையில் வாங்குவது?

அடுத்தது நினைவகம், கடைவழக்கில் 'ராம்'. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்குச் சேனாவரையர் உரையையும் நச்சினார்க்கினியர் உரையையும் தெய்வச்சிலையார் உரையையும் ஒப்புநோக்கப் புகுந்த மாணவன், தனக்கு வாய்த்த மேசையில் ஒரு நூல் விரிக்கவே இடமிருந்தால் என்செய்வான்? ஒன்றைக் கொண்டுபோய் அடுக்கில் வைத்து மற்றொன்றை எடுத்துவந்து, மீண்டும் முன்னதற்காக ஓடுவான். 4 ஜிகாபைட் நினைவகமுடைய கணினியின் நிலையும் அதுவே. இயங்குதளமே ஏறத்தாழப் பாதியைக் கொள்ள, உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்தவுடன் மேசை நிரம்பிவிடுகின்றது. பின்னர் நினைவகத்திற்கும் வட்டிற்கும் இடையே ஓயாத ஓட்டமே. 8 ஜிகாபைட் ஆக்கினால் இவ்வோட்டம் பெரிதும் தணியும். எச்81 பலகை 16 வரை ஏற்குமாயினும் மாணவர் வேலைக்கு 8 அமையும் என்பது என் கருத்து.

இவ்வுறுப்பை வாங்குவோர் வகையறிந்து வாங்கவேண்டும். நம் கணினிக்கு உரியது 'டிடிஆர்3'. அதில் 240 முனைகள் உள்ளன. பின்வந்த 'டிடிஆர்4' 288 முனைகள் உடையது. வெட்டுவாயும் இடம் மாறியது. எவ்வளவு அழுத்தினும் பொருந்தாது. ஒத்த அளவுடைய இரண்டு துண்டுகளை இரு வாய்களிலும் பொருத்தினால் செயலி இரண்டு வழியாகவும் ஒருங்கே செய்தி பெறும். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுக்களின் விலை உலகெங்கும் மிக ஏறிற்று. ஆதலின், சென்னை ரிச்சித் தெரு போன்ற இடங்களில் கிடைக்கும் பழைய துண்டுகளைச் சோதித்து வாங்குவதில் இழிவொன்றுமில்லை. மற்றொன்று: இயங்குதளம் 32 பிட் வகையினதாயின் கூடுதல் நினைவகம் வீணே. அவ்வகை எண்ணக்கூடிய முகவரிகள் 429 கோடியே சொச்சம். அஃதாவது 4 ஜிகாபைட்டே. 64 பிட் இயங்குதளத்தை நிறுவியபின்னரே மிகுதி பயன்படும்.

செலவு மிகக் குறைந்தனவும் சில உள. பெட்டியைத் திறந்து மெல்லிய தூரிகையால் தூசு துடைத்தல், செயலிக்கும் விசிறித்தொகுதிக்கும் இடையே உலர்ந்துபோன களிம்பை மாற்றுதல், தாய்ப்பலகையிலுள்ள 'சி.ஆர்.2032' என்னும் நாணய வடிவான மின்கலத்தை மாற்றுதல் ஆகியன. இக்கலம் தீர்ந்துவிடின் கணினி நாளும் ஆண்டும் மறந்துவிடும். தேதி பிழைபடவே, இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றுகள் செல்லாதனவாய்த் தோன்றி அவை திறவா. இவ்வளவிற்குக் கணினியையே மாற்றச் சொன்ன கடையும் உண்டு!

செயலியை மாற்றலாமோ எனின், அதே பொருத்துவாய்க்கு உரிய ஐ5-4570 போன்ற பழைய செயலி மலிவாய்க் கிடைத்தால் மாற்றலாம். இரண்டு கருக்கள் நான்காகும். அதற்கு மேற்செல்ல விழைவார்க்கு, கோடித்துணியையும் பழைய ஆடையையும்பற்றி நற்செய்தியில் நம் ஆண்டவர் கூறிய உவமை இங்கே முற்றும் பொருந்தும். புதுத்தலைமுறைச் செயலி பழைய பலகையில் அமராது. எனவே பலகையை மாற்றவேண்டும். பலகை மாறின் நினைவகமும் மாறவேண்டும். முடிவில் எஞ்சுவது தகரப்பெட்டி ஒன்றே. அது புதுக்குதலன்று, தவணை முறையிற் புதுக்கணினி வாங்குதல். விளையாட்டுக்கென வரைகலை அட்டை பொருத்துவோர் மின்வழங்கியின் திறனை முதலில் நோக்குக. எஸ்.எம்.பி.எஸ். என வழங்கும் அவ்வுறுப்பில் மட்டும் மலிவு தேடலாகாது; தரங்கெட்ட ஒன்று பழுதுறும்போது தான்மட்டும் அழிவதில்லை. அதன் கூட்டைத் திறந்து பார்க்கவும் வேண்டா. மின்னிணைப்பை நீக்கிய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் மின்னேற்றத்தைத் தாங்கியிருக்கக்கூடும்.

இனி எஞ்சுவது இயங்குதளம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. வீட்டுப் பயனர்க்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களுக்கு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11 இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாந்தலைமுறை முதலே ஏற்கின்றது, 'டி.பி.எம். 2.0' என்னும் காவற்சில்லும் வேண்டும். நம் கணினிக்கு இரண்டும் இல்லை. தடையைச் சூழ்ந்துபோகும் வழிகள் உண்டாயினும் நிறுவனத்தார் அவற்றிற்குப் பொறுப்பேற்பதில்லை. கணினியைக் கழித்துவிடுமாறு பலர் சொல்வது இக்காரணம் பற்றியே. உறுப்புக்கள் தேய்ந்தமையால் அன்று, ஒரு பட்டியலில் இடம்பெறாமையால் நல்ல பொருள் குப்பையாவது வருந்தத்தக்கது.

இதற்கு மாற்று லினக்ஸ். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் தொடங்கியது அது. விலையின்றிப் பெறக்கூடிய 'லினக்ஸ் மின்ட்' நாம் கூறிய கணினியில் நன்கு இயங்கும். சென்னையில் 1999-இல் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பெற்ற தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. லிப்ரே ஆபிஸில் கட்டுரை எழுதலாம். குறையும் உண்டு. வேர்டு மென்பொருளில் அழகுற அடுக்கிய பக்கங்கள் இங்கே சிறிது கலையும். விண்டோஸில் மட்டும் இயங்குமாறு ஆக்கிய தேர்வு மென்பொருளும் கணக்கு மென்பொருளும் இதில் ஓடா. அவை இன்றியமையாதார் இதனைத் தேர்தல் வேண்டா. ஏனையோர் ஒரு யூ.எஸ்.பி. தண்டிலிருந்தே அதனை இயக்கிப் பார்த்து, மனம் ஒப்பின் நிறுவிக்கொள்ளலாம்.

தாய்ப்பலகையிலுள்ள சிறு உருளை மின்தேக்கிகளின் தலை உப்பியிருப்பினும், கணினி காரணமின்றி அடிக்கடி அணைந்து எழினும், அதற்குமேல் செலவிடாது நிறுத்துக. முன்னரே வாங்கிய எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி அடுத்த கணினியிலும் பொருத்தலாம். டிடிஆர்3 நினைவகமோ அக்காலத்துக் கணினி இன்னும் வைத்திருக்கும் நண்பர்க்கே உதவும். பழைய வன்தட்டைப் பிறர்க்குக் கொடுக்குமுன், கோப்புக்களை நீக்கினால் மட்டும் போதாது. முழுத்தட்டின்மேலும் ஒருமுறை புதிதாய் எழுதி அழித்த பின்னரே கொடுக்கவேண்டும்.