தாயின் கையிலுள்ள மருந்து

ஹேவாஹெட்ட மலைச்சரிவுகளில் மழை பலத்தால் பீலித் தண்ணீர் கலங்கும். லயங்களில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் காணும். காணி பூமியை விட்டு வந்து நெருக்கமாக வாழும் குடும்பங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. வயிறு போகும்போது தண்ணீர் கொடுக்கக்கூடாது என்ற எண்ணம் சில வீடுகளில் இன்னமும் உள்ளது. இதுவே பெரும் தீங்கு. உடலில் நீர் வற்றுவதாலேயே பிள்ளைகள் இறக்கின்றனர்.

1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடிவந்த அகதிகளிடையே, இந்திய எல்லையிலுள்ள பொங்காவில் கொலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ், குளுக்கோசும் உப்பும் சோடாவும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். புகட்டியவர்களில் பலர் நோயாளரின் தாய்மாரும் உறவினருமே. நூற்றுக்கு 30 ஆக இருந்த மரணம் 4இலும் குறைந்தது.

அவ்வழி வந்ததே நாம் அறிந்த ‘ஜீவனி’. ஒரு பக்கெற்றைக் கொதித்தாறிய 1 லீற்றர் நீரில் முழுதாகக் கரையுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டுங்கள். 24 மணி நேரத்தின் பின் எஞ்சியதை ஊற்றிவிடுங்கள். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தவேண்டாம். கண் குழிவிழுந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், பிள்ளை குடிக்க மாட்டாமல் சோர்ந்தால், தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

கொதித்தாறிய நீரும், மலசலகூடம் சென்றபின் சவர்க்காரத்தால் கை கழுவுவதும் நோயை வாசலிலேயே தடுக்கும். பொங்காவில் உயிர் காத்தவர்களில் பலர் மருத்துவர்களல்லர். வீடிழந்து வந்த சாதாரண குடும்பத்தார். அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.