குறுக்கிடும் அலைகளும் கூட்டு அன்ரனாவும்

இடம்பெயர்ந்து பல ஊர்களிலும் நாடுகளிலும் சிதறிய குடும்பங்களுக்குக் கைத்தொலைபேசியே இன்று உறவுப் பாலம். காணி விடயம், நெல் விலை, பிள்ளையின் சுகவீனம் யாவும் அதன் வழியாகவே பேசப்படுகின்றன. ஆனால் சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தும் சிலவேளை குரல் வெட்டுப்படுகிறது. இதற்கான காரணங்களுள் ஒன்று குறுக்கீடு ஆகும்.

குறுக்கீடு எவ்வாறு உண்டாகிறது?

அலைவரிசைகள் அளவானவை. ஆகவே ஒரு கோபுரத்தின் அலைவரிசையையே தொலைவிலுள்ள இன்னொரு கோபுரமும் பயன்படுத்துகிறது. அந்த அலையும் நம்மிடம் வந்து சேர்ந்தால் இரண்டும் கலந்துவிடும். திரியாய் போன்ற கரையோரங்களில் இது கூடலாம்; கடலின் மேல் அலையை மறிக்க மரமோ மேடோ இல்லை. வலுவைக் கூட்டுவது மட்டும் தீர்வல்ல. வயலின் இரு வரம்புகளில் நிற்பவர்கள் போட்டிக்குக் கத்தினால் எவர் பேச்சும் விளங்காது.

தீர்வு என்ன?

குளத்தில் இரண்டு கற்களை அருகருகே ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள். முகடும் முகடும் சேருமிடத்தில் அலை உயரும். முகடும் பள்ளமும் சேருமிடத்தில் நீர் அடங்கும். கூட்டு அன்ரனாவின் தத்துவமும் இதுவே. 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர். அதன் அரைவாசி, அதாவது ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் அன்ரனாக்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சிக்னலைச் சற்று முந்தியோ பிந்தியோ கொடுத்தால், அலை வேண்டிய பக்கம் திரும்பும். 4 அன்ரனாக்கள் ஒத்திசைந்தால், மொத்த வலு கூடாமலே, அத்திசையில் வலு ஏறத்தாழ 4 மடங்காகும். இடைஞ்சல் தரும் திசையில் அலையை அடக்கவும் முடியும்.

இத்துறையில் புகழ்பெற்றவர் 1944இல் பொள்ளாச்சியில் பிறந்த பேராசிரியர் ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில், நீருக்கடியில் ஒலியைக் கேட்டுக் கப்பலை அறியும் சோனார் கருவியை உருவாக்கியவர். பின்னர் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில், ஒரே அலைவரிசையில் வரும் பல சிக்னல்களைப் பல அன்ரனாக்களால் பிரித்தெடுக்கும் 'மைமோ' முறையைக் கண்டார். இன்றைய 4ஜி, 5ஜி சேவைகளில் அது பயன்படுகிறது. 2014இல் மார்க்கோனி பரிசு பெற்றார்.

நாம் செய்யக்கூடியவை

ஓரிரு அடி தள்ளி நின்று பேசிப் பார்ப்போம். அலை தெறித்து வரும் விதம் அதனால் மாறும். குரல் வெட்டுப்படும் இடம், நேரம், கோடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சில நாட்கள் எழுதி வைப்போம். பல குடும்பங்கள் ஒன்றாகக் கையெழுத்திட்டு, அன்ரனாவின் திசையையும் சாய்வையும் பரிசோதிக்கும்படி நிறுவனத்தைக் கேட்போம். பதில் கிடைக்காவிடில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். "சிக்னல் இல்லை" என்று மட்டும் சொல்வதைவிட, "கோடுகள் உண்டு, குரல்தான் வெட்டுகிறது" என்று விபரமாக எழுதுவதே பயன் தரும்.