துளைக்கும் முனைக்கும் நடுவே

திருக்கோஷ்டியூரிலிருந்து வடக்கே திருப்பத்தூர், புதுக்கோட்டை வழியாகப் போனால் திருச்சி. அங்கே 1966-இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. இந்தப் பக்கம் சிவகங்கைக்குப் போனால் இலுப்பக்குடியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் பயிற்சி மையம். ரைஃபிளைச் செய்கிற இடத்துக்கும் அதைப் பிடித்துப் பழகுகிற இடத்துக்கும் நடுவே இருப்பதாலோ என்னவோ, படைக்கு ஆள் எடுக்கும்போது ஓடப் போகிற நம் பையன்களிடம் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: “குழலை நாலு விரற்கடை நறுக்கிவிட்டால் தூக்கிப் போக லேசாக இருக்குமே, ஏன் செய்வதில்லை?” எட்டெழுத்து மந்திரத்தையே ராமானுஜர் கோபுரத்தில் ஏறி ஊரறியச் சொன்ன தலம் திருக்கோஷ்டியூர். ராணுவச் சமாச்சாரம் என்று மூடி வைக்காமல் பேசிவிடலாம். இதில் ரகசியமும் ஒன்றுமில்லை.

1962 சீனப் போரில் நம் சிப்பாய்கள் பெரும்பாலும் ஏந்தியது த்ரீ நாட் த்ரீ. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அதன் குழலை நறுக்கினால் குண்டின் வேகம் குறையும், சத்தமும் தீப்பொறியும் கூடும். மற்றபடி துப்பாக்கி வேலை செய்யும். போருக்குப் பிறகு வந்த எஸ்.எல்.ஆர். அப்படியல்ல. காலிக் கூட்டை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை அதுவே ஏற்றிக்கொள்ளும். அந்த வேலைக்கான சக்தியைக் குழலுக்குள் இருந்தே எடுத்துக்கொள்கிறது என்பதால், குழலின் நீளமும் இயந்திரத்தின் ஓர் உறுப்பாகிவிடுகிறது.

ட்ரிகரை அழுத்தியதும் மருந்து எரிந்து வாயுவாகிறது. இன்று பரவலாக உள்ள 5.56 மி.மீ. தோட்டாவில் உச்ச அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல மூவாயிரம் மடங்குக்கும் மேல். குண்டு முன்னே ஓட ஓட, பின்னால் வாயுவுக்கு இடம் கூடி அழுத்தம் மளமளவென்று இறங்குகிறது. வழியில் ஓரிடத்தில் குழலின் சுவரில் சிறு துளை. குண்டு அதைத் தாண்டியதும் கொஞ்சம் வாயு அதன் வழியே பிரிந்து, பிஸ்டனைப் பின்னே தள்ளுகிறது. பிஸ்டன் தள்ள, போல்ட் திறக்கிறது. குண்டு முனையை விட்டு வெளியேறிய கணமே அழுத்தம் காலி. ஆகவே வாயு தள்ளுவதற்குக் கிடைக்கும் நேரம், குண்டு துளையிலிருந்து முனைவரை ஓடும் நேரம்தான். அந்த ஓட்டம் 18 செ.மீ., குண்டின் வேகம் விநாடிக்கு 800 மீட்டர் என்றால், விநாடியைப் பத்தாயிரம் கூறாக்கி அதில் இரண்டேகால் கூறு. அவ்வளவுதான் அவகாசம்.

வளவில் கிடக்கும் ஊஞ்சலை ஆட்டிவிடுவதைப் பாருங்கள். பதமாகக் கொஞ்ச தூரம் கூடவே போய்த் தள்ளினால் சீராக ஆடும். கை பட்டதுமே எடுத்துவிட்டால் பாதி வழியில் நின்றுவிடும். ஓங்கி ஒரே இடி இடித்தால் சங்கிலியும் உத்தரமும் அதிரும். துளை முனைக்கு மிக அருகில் இருந்தால் முதல் கோளாறு: போல்ட் முழுதாகப் பின்வாங்காமல் காலிக் கூடு சிக்கிக்கொள்ளும். துளை வெகுவாகப் பின்னால் இருந்தால் இரண்டாவது: அழுத்தம் அங்கே உக்கிரமாக இருக்கும், போல்ட் அவசரப்பட்டுத் திறக்கும். அப்போது பித்தளைக் கூடு அழுத்தத்தில் உப்பி, தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கொக்கி பிடித்து இழுக்க, கூடு வராமல் அதன் விளிம்பு பிய்ந்து வரும்.

இதைக் கணக்கோடு காட்டுவதற்கு அமெரிக்க எம்-16 குடும்பத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதன் குழல் 20 அங்குலம், துளை ஏறக்குறைய 13-ஆம் அங்குலத்தில்; மிச்சம் 7. பிற்பாடு வந்த எம்-4 கார்பைனில் குழல் பதினாலரை அங்குலம், துளை 8-க்குச் சற்றுக் குறைவான இடத்தில். மிச்சம் மறுபடியும் கிட்டத்தட்ட 7. குழலைக் குறைத்தபோது துளையையும் கூடவே பின்னுக்கு இழுத்து, இடைவெளியைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அங்கே அழுத்தம் அதிகமாயிற்றே? துளையைச் சிறிதாக்கினார்கள்: எம்-16-இல் 2.4 மி.மீ. அளவில் இருந்தது எம்-4-இல் 1.6 ஆயிற்று. இருந்தும் நீளக் குழலின் நிதானம் குட்டைக் குழலுக்கு வந்துவிடவில்லை. அதிர்வும் தேய்மானமும் கூடுதல்தான். அமெரிக்கச் சந்தையில் சட்டம் கேட்கும் 16 அங்குலக் குழலுக்கு, இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் துளை போடும் மூன்றாவது அளவு பிறந்ததே அதனால்தான்.

நம் பையன்கள் சொல்வதைச் செய்து பார்த்தவர்களும் உண்டு. வியட்நாம் காலத்தில் கோல்ட் நிறுவனம் குழலை 10 அங்குலமாக வெட்டி ‘கமாண்டோ’ என்று ஒன்றைச் செய்தது. துளைக்கு முன்னே மிஞ்சியது இரண்டு அங்குலம் சொச்சம். தள்ள அவகாசமே இல்லை. முனையில் நான்கு அங்குலத்துக்கு ஒரு கூட்டை மாட்டி அழுத்தத்தைச் சற்றே தேக்கி வைத்துச் சமாளித்தார்கள். பிறகு குழலை 11.5 அங்குலமாக நீட்டினார்கள். வெட்டியதில் கொஞ்சத்தைத் திரும்ப ஒட்டவைத்த கதைதான்.

நீளம் பொருந்திவிட்டால் போதும் என்றும் இருக்க முடியாது. அதே வியட்நாம் போரில் எம்-16 சிக்கிச் சிக்கி நின்று, 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரிக்கும் அளவுக்குப் போனது. காரணங்களில் ஒன்று, தோட்டாவின் மருந்தை மாற்றியது. புதிய மருந்தில் துளையருகே அழுத்தம் கூடியது. போல்ட் வேண்டியதைவிட வேகமாக ஓடியது. துப்பாக்கியில் ஒரு மில்லிமீட்டரும் மாறவில்லை, கணக்கு மட்டும் மாறிவிட்டது.

எஸ்.எல்.ஆர்.காரர்கள் இதற்கு ஒரு திருகு வைத்திருந்தார்கள்: வாயு ரெகுலேட்டர். அதை முதலில் திறந்துவிட்டு, வாயுவில் ஒரு பங்கு வெளியே போகும்படி செய்து சுடுவார்கள்; காலிக் கூடு சிக்கும். பின் ஒவ்வொரு கிளிக்காக மூடிக்கொண்டு வந்து, ஒழுங்காக ஓடத் தொடங்கும் இடத்தைப் பிடித்து, அதற்கு மேல் இரண்டு கிளிக் சேர்த்து வைப்பார்கள். அழுக்கு படிந்தாலும் குளிரில் எண்ணெய் உறைந்தாலும் அந்த இரண்டு கிளிக் கைகொடுக்கும். புனேயில் வடிவமைத்து, திருச்சியிலும் தயாரான இன்சாஸ் ரைஃபிளுக்கு 464 மி.மீ. குழல், அதன் இலகு இயந்திரத் துப்பாக்கி வடிவத்துக்கு 535. இன்சாஸிலும் ரெகுலேட்டர் உண்டு, வாயுவை அடியோடு அடைக்கும் நிலையும் உண்டு. முனையில் எறிகுண்டை மாட்டிச் சுடும்போது கனமான அது மெதுவாகக் கிளம்புவதால் அழுத்தம் குழலுக்குள் நெடுநேரம் நிற்கும். அடைக்காவிட்டால் போல்ட் வெறிகொண்டு பின்னே பாயும்.

கலாஷ்னிகோவ் இவ்வளவு நுணுக்கம் பார்க்கவில்லை. கனத்த பிஸ்டன், தேவைக்கு மேல் வாயு. சேறானாலும் மணலானாலும் ஓடும், குறி கொஞ்சம் ஆடினால் ஆடட்டும் என்பது அவர் கணக்கு. திருச்சியில் உருவான ‘டார்’ ரைஃபிள் அந்த மரபில் வந்தது. அந்தத் தாராளத்துக்கும் எல்லை உண்டு. சோவியத்காரர்கள் 415 மி.மீ. குழலைச் சரிபாதியாக்கி, 206.5 மி.மீ.யில் ஏ.கே.எஸ்.-74யூ செய்தபோது துளையைப் பின்னே நகர்த்தியதோடு நிற்காமல், அமெரிக்கர்களைப் போலவே முனையில் வாயு தேங்கும் கூடு ஒன்றையும் மாட்ட வேண்டியிருந்தது.

துளையும் குழலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க எப்போதும் கருவி தேவைப்படுவதில்லை. எம்-16 வகையில், சுடுகிறவரின் வலப்பக்கம் காலிக் கூடுகள் எங்கே விழுகின்றன என்று பார்த்தே சொல்லிவிடுவார்கள். நேர் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னாகவும் குவியலாகக் கிடந்தால் சரி. முன்னே தெறித்துக் கிடந்தால் வாயு அதிகம். காலடியிலேயே சோர்ந்து விழுந்தால் போதவில்லை.