ஏணைச் சேலையும் ஈயக்குண்டும்

பிள்ளைக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் முதலில் பெட்டியில் எழுதியிருப்பதைத்தான் வாசிக்கிறார்கள். ‘பேபி’ என்றோ ‘இயற்கையானது’ என்றோ அச்சடித்திருப்பதால் மட்டும் உள்ளே இருப்பது பாதுகாப்பானதாகிவிடாது. நான் பார்க்கச் சொல்வது இரண்டைத்தான். அது பிள்ளையின் வாய்க்குள் போகுமா? அதன் ஆவியையோ தூசியையோ பிள்ளை மணிக்கணக்காகச் சுவாசிக்குமா? ஒன்றுக்காவது ஆம் என்றால் அங்கேதான் காசும் கவனமும் வேண்டும்.

மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமும், படுவான்கரையிலும் எழுவான்கரையிலும், பல பிள்ளைகள் இன்னும் ஏணையில்தான் உறங்குகிறார்கள். பலமுறை துவைத்து நைந்த பருத்திச் சேலையை விட நல்ல படுக்கைத் துணி கடையில் கிடைப்பது அரிது. சுருக்கம் விழாமலிருக்கப் புதுத்துணிக்குப் போடும் போமல்டிஹைட் போன்றவை அதிலிருந்து எப்போதோ கழுவப்பட்டுப் போயிருக்கும். புதுச் சட்டை வாங்கினாலும் இரண்டு தரம் துவைத்த பிறகே போட்டுவிடுங்கள்.

ஆனால் அந்தச் சேலை அலமாரியில் பூச்சி உருண்டையோடு கிடந்ததென்றால் அப்படியே எடுத்துக் கட்டக் கூடாது. அந்த வெள்ளை உருண்டைகளில் பல நாப்தலீனால் ஆனவை. ஜி6பிடி என்ற நொதியம் குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு அதன் ஆவியே செங்குருதிக் கலங்களை உடைத்துக் கடும் மஞ்சட்காமாலையைக் கொண்டுவரலாம். பச்சிளம் பிள்ளையில் அது மூளையைத் தாக்குமளவுக்கும் போகலாம். மலேரியா நெடுங்காலம் இருந்த பிரதேசங்களில் இந்தக் குறைபாடு கூடுதலாகக் காணப்படுகிறது. இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. நோய் போய்விட்டது, பரம்பரையில் வரும் குறைபாடு அதோடு போவதில்லை. ஆகவே துவைத்து, வெயிலில் போட்டு, மணம் அறவே போன பிறகு கட்டுங்கள். பிள்ளைத் துணி இருக்கும் அலமாரிக்கு அந்த உருண்டையே வேண்டாம்.

என் பெரிய கவலை ஈயம். இந்த அளவுவரை பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவு அதற்குக் கிடையாது. விழுங்கிய ஈயத்தில் வளர்ந்தவர் உடல் ஏற்பதைவிட நான்கைந்து மடங்கைச் சிறுபிள்ளையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். கெடுவது மூளை வளர்ச்சி. பள்ளிக்கூடம் போகிற வயதில் கவனக் குறைவாகவும் படிப்பில் பின்தங்கலாகவும் அது தெரியவரும், அப்போது திருப்பி எடுக்க வழியில்லை. சிறுவர் விளையாட்டுப் பொருட்களுக்கான பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாதென்ற விதி இலங்கையில் நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரியில்தான். எனாமல் பெயின்டுக்கு அப்போது அனுமதித்த அளவு 600. அம்மம்மா காலத்துத் தொட்டிலை இறக்கி எடுக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பெயின்ட் உரிகிற தொட்டிலென்றால் வேண்டாம். உலர்ந்தபடி சுரண்டித் திரும்பப் பூசுவது இன்னும் மோசம், அந்தத் தூசிதான் பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் போகும். பெயின்ட் படாத மரமே நல்லது.

கண்ணுக்குப் போடும் சுறுமாவிலும் கவனம் வேண்டும். பல சுறுமாக்களின் கருமையே ஈய சல்பைட்டால் வருவது. கண்ணூறு கழிய நெற்றியில் ஒரு பொட்டு வைக்க வேண்டுமென்றால் வீட்டில் விளக்குச் சுடரில் பிடித்த மை போதும். கண்ணுக்குள் எதுவும் வேண்டாம்.

வாவிக்கரை வீடுகளில் கடைப் பட்டியலில் வராத ஒரு சாமானும் உண்டு: வீச்சுவலையின் ஓரத்தில் கோர்க்கும் ஈயக்குண்டு. பல் முளைக்கிற பிள்ளை கைக்கு எட்டியதையெல்லாம் கடிக்கும். வலையைப் பிள்ளை தவழும் விறாந்தையில் போடாதீர்கள். குண்டு வார்க்க ஈயம் உருக்குகிறவர்கள் குசினியிலும் முற்றத்திலும் அதைச் செய்யக் கூடாது. வலை தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

அடுத்தது இரவு. மூடிய அறையில் எரியும் ஒரு நுளம்புத்திரி, 75 முதல் 137 சிகரெட் வரை எரித்த அளவு நுண்துகளை வெளியிடுகிறதென்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. டெங்கு உள்ள ஊரில் நுளம்பைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல முடியாது. அதனால்தான் பிள்ளைக்கு வாங்கும் சாமானில் முதலிடத்தை நுளம்பு வலைக்குக் கொடுப்பேன். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது; பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

போத்தலைப் பற்றிப் பேசுமுன் ஒன்று. 2016 குடிசன சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டும் குடித்தார்கள். அவர்களுக்குப் போத்தல் கவலையே இல்லை. பால்மா கரைத்துக் கொடுத்தாக வேண்டிய தாய்மார் கண்ணாடிப் போத்தலை வாங்கலாம். பிளாஸ்டிக் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்றிருப்பதைப் பாருங்கள். 7 என்ற எண் பொலிகார்பனேட்டாக இருக்கக்கூடும். அதிலிருந்து கசியும் பிஸ்பினோல் ஏ ஹோர்மோனைப் போல நடிப்பதால் 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் பால் போத்தல்களில் அதைத் தடைசெய்தது. 5 என்றாலும் சூடு ஆகாது: கொதிநீர் பட்டால் அந்தப் பிளாஸ்டிக்கும் நுண்துகள்களை உதிர்ப்பதை 2020இல் டப்ளின் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். கிருமி சாக 70 பாகை சூட்டு நீரில்தான் மாவைக் கரைக்க வேண்டும். அதைக் கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ செய்து, ஆறிய பிறகு போத்தலில் ஊற்றுங்கள்.

பவுடர் வேண்டாம். கல்நார் கலந்திருக்குமோ என்ற ஐயத்தில் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் பேபி பவுடர் இறக்குமதியை 2019இல் இலங்கை நிறுத்திவைத்தது. அந்த நிறுவனமே 2023இல் உலகெங்கும் டால்க் பவுடரை விட்டது. கல்நார் இல்லாவிட்டாலும் பவுடர்த் தூசி பிஞ்சு நுரையீரலுக்குள் போகும். குளிப்பாட்டி, மடிப்புகளில் ஈரம் ஒற்றியெடுத்தால் போதும்.

கடுமையாக மணக்கும் மெதுபிளாஸ்டிக் பொம்மையை, எவ்வளவு மலிவென்றாலும், கடையிலேயே வைத்துவிடுங்கள். வாங்குவதற்கு பில் கேளுங்கள், உற்பத்தியாளர் பெயரில்லாததை வாங்காதீர்கள். முறைப்பாடென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. பிள்ளை ஈயத்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோங்கள். குருதிப் பரிசோதனையில்தான் அது தெரியும்.